உறங்குகிறவரை எழுப்பும் மெட்டு

அட்டன் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு மழையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டால் நாட்கணக்கில் தகரக் கூரையில் ஒரே ஓசைதான். முதல் ஐந்து நிமிடம் அது காதில் விழும். பிறகு விழாது. அந்த ஓசைக்குள்ளேயே படிப்போம், சாப்பிடுவோம், உறங்கிப்போவோம். மழை சட்டென்று விடும்போதுதான் "என்ன, விட்டுட்டா?" என்று தலையைத் தூக்குவோம். மாறாமல் ஒலிக்கும் ஒன்றைக் காது கைவிட்டுவிடுகிறது. மாறும்போதுதான் மறுபடி எடுத்துக்கொள்கிறது. மின்னணு இசையைப் பற்றி நான் அறிந்துகொண்டது எல்லாம் இந்த ஒரு விடயத்தின் விரிவுதான்.

சின்தசைசர் என்பது மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் கருவி. அதில் முன்னால் நின்று பாடுவதுபோல் வரும் மெட்டை 'லீட்' என்பார்கள். பின்னால் சின்னஞ்சிறு சுரக்கோவையாக, கருவி தானே திரும்பத் திரும்ப வாசிக்கும் வரிசை 'சீக்குவென்ஸ்'. பெரும்பாலான கருவிகளில் ஒரு வரிசைக்குப் பதினாறு படிகள். ஒவ்வொரு படியிலும் எந்தச் சுரம் என்று நாம் குறித்துவிட்டால் போதும். கருவி அதை விடியும்வரை வாசிக்கும். அதற்கு அலுப்பே இல்லை. கேட்பவருக்குத்தான் அலுப்பு. இந்த வித்தியாசத்தை உணர்ந்தவர் நல்ல மெட்டு அமைக்கிறார்.

நான் அழகியல் பாடமாகச் சித்திரம் எடுத்தவள். எந்த வாத்தியமும் முறையாகக் கற்றதில்லை. கட்டாரில் வேலை செய்த மாமா கொண்டுவந்த சிறிய கீபோர்ட் ஒன்று, அவருடைய பிள்ளைகள் வளர்ந்த பிறகு எங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்தது. உயர்தர முதலாம் வருடத்தில், எங்கள் வகுப்பு தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஒரு நாடகம் போடத் தீர்மானித்தது. தொழிற்சாலைக் காட்சிக்குப் பின்னணி ஓசை வேண்டும் என்றார்கள். அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.

வீட்டில் முதல் விமர்சகர் உம்மாதான். "என்ன மகள், அதே சத்தம் திரும்பத் திரும்பக் கேக்குது. தலையிடிக்குது" என்றார். வாப்பா சொன்னது வேறு. இசையைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதும், வீட்டுக்கு வீடு நடைமுறை வேறு என்பதும் இவ்விதழை வாசிக்கும் பெற்றோருக்குத் தெரியும். வாப்பா எனக்கு மூன்று எல்லைகளை வகுத்தார். பாங்கு சொன்னால் கருவி அணைய வேண்டும். படிப்பு பின்னடையக் கூடாது. செய்வதைப் பயனுள்ள ஒன்றுக்காகச் செய்ய வேண்டும். அந்த மூன்றுக்குள்ளேயே எனக்கு நிறைய இடம் இருந்தது.

எனக்குக் கிடைத்த முதல் பாடம் எந்தக் கருவியிலிருந்தும் வரவில்லை. வாப்பாவின் கடைக்கு வெற்றிலை வாங்க வரும் ஒரு தாத்தாவிடமிருந்து வந்தது. எங்கள் வீட்டில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. லயத்தில் தாத்தா என்றால் பாட்டனார். நான் சொல்வது லயத்துத் தாத்தாவை. தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், மாசி மாதத்துக் காமன் கூத்துக்குத் தப்பு அடிப்பவர். முற்காலத்தில் விடியுமுன் தப்படித்துத்தான் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக்கு அழைத்தார்கள். அந்தப் பிரட்டுத் தப்பைச் சிறுவயதில் கேட்டு எழுந்தவர் அவர். உம்மாவின் தலையிடியைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார்.

"பாப்பா, தூங்குறவன எழுப்பணும்னா ஒரே மாதிரி அடிக்கக் கூடாது. காது பழகிப் போயிரும். நாலு தடவ ஒரு மாதிரி அடி, அஞ்சாவது தடவ ஒண்ண விட்டுட்டு அடி. என்னமோ கொறையுதேன்னு முழிச்சுக்குவான்."

நோன்பு மாதத்தில் சஹருக்கு எழுப்ப றபான் தட்டிக்கொண்டு வரும் பக்கீர் பாவாமாரைப் பற்றி உம்மம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். லயத்துத் தப்புக்கும் சஹர் நேரத்து றபானுக்கும் வேலை ஒன்றுதான்: உறங்குகிறவரை எழுப்புவது. மழை உறங்கவைக்கிறது, தப்பு எழுப்புகிறது. இரண்டும் திரும்பத் திரும்ப வருபவைதான். ஆனால் தப்புக்குப் பின்னால் ஒருவருடைய தீர்மானம் இருக்கிறது.

தாத்தாவின் சொல்லை வைத்துக்கொண்டு கருவியில் ஒவ்வொன்றாகச் செய்துபார்த்தேன். செய்துபார்க்க விரும்பும் தோழிகளுக்காக அவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, விடுவது. பதினாறு படிகளையும் நிரப்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆறு ஏழு படிகளை வெறுமையாக விட்டால் மீதி உள்ளவை உருவம் பெறுகின்றன. வெள்ளைத் தாளை விட்டுவைப்பதும் ஓவியம்தான் என்று சித்திர ஆசிரியை சொல்வது இங்கும் பொருந்தியது.

இரண்டாவது, அழுத்தம். தப்புக்கு இரண்டு குச்சிகள். ஒரு கையில் தடித்த கட்டைக் குச்சி, மறுகையில் மெல்லிய நீளக் குச்சி. ஒரே தோலில் ஒன்று முழங்குகிறது, மற்றது சுள்ளென்கிறது. மின்னணுக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 1983இல் 'மிடி' என்ற பொதுமுறை வந்தது. அதில் ஒவ்வொரு தட்டலின் வலுவும் 1 முதல் 127 வரை ஓர் எண்ணாகப் பதிவாகும். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் தட்டச்சுப் பொறியின் ஓசைதான் வரும். ஒன்றுக்கு 110, அடுத்ததற்கு 60, அதற்கடுத்ததற்கு 75 என்று கொடுத்துப் பாருங்கள். சுரங்கள் அவையேதான், ஆனால் வரிசை நடக்கத் தொடங்கும்.

மூன்றாவது, நீளம். இது கணிதம் படிக்கும் தோழிகளுக்குப் பிடிக்கும். கீழே ஒலிக்கும் வரிசைக்கு 16 படிகள், மேலே ஒலிக்கும் வரிசைக்கு 7 படிகள் என்று வையுங்கள். இரண்டும் ஒன்றாகத் தொடங்கினாலும் உடனே பிரிந்துவிடும். மறுபடி ஒரே இடத்திலிருந்து தொடங்க 112 படிகள் ஆகும். பொது மடங்குகளுட் சிறியதைப் பாடசாலையில் படித்தோமே, அதுதான். நிமிடத்துக்கு 120 அடி, ஓர் அடிக்கு 4 படி என்ற வேகத்தில், 16 படிகள் மட்டும் இருந்தால் இரண்டு செக்கனில் எல்லாம் திரும்பிவிடும். ஏழைச் சேர்த்தால் அது 14 செக்கன். நாம் எழுதியது இருபத்துமூன்று படிகள்தான். கேட்பவருக்கோ, அடுத்து என்ன வருமோ என்ற ஆவல் ஏழு மடங்கு நீள்கிறது.

நான்காவது, வடிகட்டி. சின்தசைசரில் 'ஃபில்டர்' என்ற திருகி ஒன்று உண்டு. அதை விளங்கிக்கொள்ள நமக்குக் கம்பளி போதும். குளிரில் கம்பளியைக் காதுக்கு மேல் இழுத்துப் போர்த்துங்கள். தூரத்தில் போகும் ரயிலின் கீச்சொலி மறைந்து முழக்கம் மட்டும் நிற்கும். மெல்ல விலக்கினால் கூர்மை திரும்பி வரும். ரயிலின் தாளம் மாறவில்லை, நிறம் மாறியது. ஒரு வரிசையை ஒரு நிமிடம் தாங்கவைக்க, சுரத்தைத் தொடாமல் இந்தத் திருகியை மெதுவாகத் திறந்தாலே போதும்.

ஐந்தாவது, வழுக்கல். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் தாவாமல் இழைந்து போவது. இதைப் படிக்கும்போதுதான் சரண்ஜித் சிங்கைப் பற்றி அறிந்தேன். மும்பையின் திரையிசைக் குழுக்களில் வாசித்தவர் அவர். 1982இல், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் செய்த மூன்று கருவிகளைக் கொண்டு, பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். கீழே டி.பி. 303 என்ற சிறிய பெட்டி சலிக்காமல் சுற்றிவரும். மேலே ஜூபிடர் 8 என்ற கருவியில் ராகம் உலவும். அந்தச் சிறிய பெட்டியை, துணைக்கு ஆளில்லாத கிற்றார் கலைஞர்களுக்காகத்தான் செய்தார்கள். அவர்கள் அதை விரும்பவில்லை. 1984இல் உற்பத்தியே நின்றுபோனது. ஆனால் அதில் ஒவ்வொரு படிக்கும் வழுக்கலும் அழுத்தமும் குறிக்க வசதி இருந்தது. நம் இசையில் கமகம் என்பதன் ஒரு துளி அந்தப் பெட்டிக்குள் இருந்ததை சரண்ஜித் சிங் கண்டுகொண்டார்.

இசைத்தட்டு அப்போது கவனிக்கப்படவில்லை. ஐந்தாண்டுகள் கழித்து, 1987இல், சிகாகோ இளைஞர்கள் அதே பெட்டியைத் திருகி 'ஆசிட் ஹவுஸ்' என்ற புதிய இசையை உலகுக்குத் தந்தார்கள். 2010இல் சரண்ஜித் சிங்கின் தட்டு மறுபடி வெளிவந்தபோது, இதை ஐந்தாண்டு முன்பே ஒருவர் மும்பையில் செய்துவிட்டாரே என்று கேட்டவர்கள் வியந்தார்கள். அவர் எடுத்துக்கொண்ட ராகங்களில் பூபாளி நம் பக்கத்து மோகனம், மால்கௌன்ஸ் நம் பக்கத்து இந்தோளம். இரண்டும் ஐந்தே சுரங்கள். எத்தனை சுரம் என்பதல்ல விடயம். ஒன்று நிலையாக நிற்க, மற்றொன்று அலைந்துவிட்டு வீடு திரும்ப வேண்டும். லீட் என்பது அந்த அலைச்சல்தான். வாயால் ஒரே மூச்சில் முனக முடியாத லீட்டை நான் இப்போது வைத்துக்கொள்வதில்லை.

தானே வாசிக்கும் கருவி மேற்கிலிருந்து வந்த புதுமை என்று நினைத்திருந்த எனக்கு இன்னொரு செய்தி காத்திருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் பனூ மூஸா எனப்பட்ட மூன்று சகோதரர்கள் வாழ்ந்தார்கள். முஹம்மது, அஹ்மத், ஹஸன் என்பன அவர்களின் பெயர்கள். நீரின் விசையால் தானே இசைக்கும் ஒரு குழலை அவர்கள் விவரித்திருக்கிறார்கள். சுழலும் உருளை ஒன்று, அதன்மேல் சிறு முனைகள். உருளை சுழலச் சுழல அம்முனைகள் குழலின் துளைகளைத் திறக்கும். முனைகளின் இடத்தை மாற்றினால் மெட்டும் மாறும். இன்றைய பதினாறு படிப் பெட்டியின் மூதாதை அதுவே. இதை வாப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.

நாடகத்துக்கு ஒரு மாதம் இருந்தது. கீபோர்டில் நூற்றுக்கணக்கான ஒலிகள் இருந்தன. பியானோ, வயலின், எங்கெங்கோ உள்ள மேளங்கள். தப்பு இல்லை. தாத்தாவின் தப்பைக் கைப்பேசியில் பதிந்து வரிசைக்குள் போட்டுவிடலாம் என்று எண்ணி அவரிடம் கேட்டேன். அவர் உடனே மறுக்கவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "இதுக்குள்ள என் தப்ப புடிச்சுப் போட்டுட்டா, அப்புறம் என்னையக் கூப்பிட மாட்டீங்கள்ல?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் வேலைக்குக் கொழும்புக்குப் போகிறார்கள். தப்பு, சாவு வீட்டுக்குரியது என்று ஒதுக்கப்பட்ட கருவியும்கூட. அதைத் தோளில் மாட்டக் கூச்சப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். தாத்தாவின் பேரனும் கற்கவில்லை. என் கைப்பேசியில் இருக்கப்போவது ஓர் இரவின் ஓசை மட்டுந்தான். எந்த அடியை எப்போது விடுவது என்ற தீர்மானம் அவரிடந்தான் இருக்கும்.

பொறுப்பாசிரியையிடம் பேசினேன். அவர் அதிபரிடம் பேசினார். தாத்தாவே வரட்டும் என்று அனுமதி கிடைத்தது. நாடகத்தன்று விடுதிச் சமையலறை அடுப்பில்தான் தப்பைக் காய்ச்சினார். தோல் சூடேறி இறுகினால்தான் ஓசை தெளியும். ஒத்திகையிலேயே ஒரு சிக்கல் தெரிந்தது. அவர் உணர்ச்சிக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைப்பார், கருவிக்கு அது தெரியாது. "இவன் மூச்சே விடமாட்டேங்கிறானே" என்று கீபோர்டைக் காட்டிச் சொன்னார். எனவே வரிசையைத் திருத்தினேன். மூன்று சுற்றுக் கருவி வாசிக்கும், நான்காவது சுற்று முழுவதும் வெறுமை. அந்த வெறுமை அவருக்கு. அவர் முடித்துத் தலையசைக்கும்போது நான் மறுபடி தொடக்குவேன். தொழிற்சாலை இயந்திரம் ஓடுவதும், இடையில் ஒரு மனிதர் பேசுவதும்போல அந்தக் காட்சி அமைந்தது. அன்று உம்மா பெற்றோர் வரிசையில் இருந்தார். தலையிடித்தது என்று சொல்லவில்லை.

தோழிகளே, இப்போது இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. இலவசச் செயலி ஒன்றும் காதொலிப்பானும் போதும். பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்று, நான்கு சுரங்களை வைத்து நாமே ஒன்றை ஆக்கிப்பார்ப்பது வேறு. ஆக்கத் தொடங்கினால் காது கூர்மையாகிறது. யார் எங்கே நிறுத்துகிறார், எதை விடுகிறார் என்று கேட்கத் தொடங்குகிறோம். பெற்றோரே, உங்கள் பிள்ளை அறைக்குள் ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்ப எழுப்பினால் ஒரு வாரம் பொறுங்கள். அடுத்த வாரம் அதில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்ஷா அல்லாஹ் அடுத்த மாசியில் தாத்தா வீட்டு லயத்தில் காமன் கூத்து நடக்கும்போது, அவருடைய அடிகளைப் படி படியாக எண்ணிக் குறித்துவைக்க எண்ணியிருக்கிறேன். இம்முறை பேரனும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ண வேண்டும் என்று தாத்தா நிபந்தனை போட்டிருக்கிறார். பேரன் இன்னும் சம்மதிக்கவில்லை.