ஐயாயிரம் வாட்ஸும் அப்பாவின் பாக்கெட் ரேடியோவும்

கடை வாசலில் அடுக்கி வைத்திருக்கும் ஹோம் தியேட்டர் அட்டைப் பெட்டிகளை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். நல்ல பொழுதுபோக்கு! '5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் தீப்பிடித்த கிடார் ஒன்று இருக்கும். அப்புறம் உள்ளே இருக்கிற சாமானைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். ஒயர் வெளியே வருகிற இடத்தில், சின்ன ஸ்டிக்கரில், மின்சாரச் செலவு 50 வாட்ஸ் என்று இருக்கும். 50 வாங்கிக்கொண்டு 5000 திருப்பித் தருகிற மிஷின்! இது மட்டும் நிஜமானால் நெய்வேலியில் நிலக்கரி தோண்டுவதை நிறுத்திவிட்டு, ஊருக்கு நாலு ஹோம் தியேட்டர் வைத்து ஒயர் இழுத்துவிடலாம்.

நான் பி.காம். எலெக்ட்ரானிக்ஸுக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆனாலும் இந்தக் கணக்கு எனக்குச் சட்டென்று பிடிபட்டது. வேலைக்குச் சேரும்போது சி.டி.சி. என்று ஒரு தொகை சொல்வார்களே... பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ், கேன்டீன் டீ, தலைக்கு மேல் ஓடுகிற ஃபேன் வரைக்கும் சேர்த்து! அதுதான் பி.எம்.பி.ஓ. மாசக் கடைசியில் பேங்க்கில் வந்து விழுகிறதே, அது ஆர்.எம்.எஸ். பெண் பார்க்கப் போன இடத்தில் முதலாவதைச் சொல்லலாம். மளிகைக் கடைக்காரர் இரண்டாவதைத்தான் ஒப்புக்கொள்வார். பி.எம்.பி.ஓ.வை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று பொதுவான விதி எதுவும் கிடையாது. கம்பெனியின் மனசு எவ்வளவு விசாலமோ அவ்வளவு வாட்ஸ். ஆம்ப்ளிஃபையர் நின்று நிதானமாக, தொடர்ந்து கொடுக்கக்கூடியதைச் சொல்வதுதான் ஆர்.எம்.எஸ்.

எங்கள் வையம்பட்டி வீட்டுக்கு அப்படி ஓர் 5000 வாட்ஸ் வந்து சேர்ந்தது. மச்சான் உபயம். திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறார். தலை தீபாவளிக்கு நாங்கள் செய்ததற்கு வட்டியும் முதலுமாக இந்தத் தீபாவளிக்கு இறக்கிவிட்டார். ஐந்து குட்டி ஸ்பீக்கர், நடுவில் தண்ணி டிரம் சைஸில் ஒரு சப் வூஃபர், அதில் கலர் கலராக லைட்டு. ஷோகேஸில் கொலு பொம்மைகளுக்கு நடுவே அதை வைத்து ஆன் பண்ணினார். முதல் அடியிலேயே செட்டியார் பொம்மை குப்புற விழுந்தது. சமையலறையில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன.

"எப்டி மாப்ள, தியேட்டர் மாதிரி இல்ல?"

"தியேட்டர் மாதிரிதான் மச்சான். வெளியில நின்னு கேக்கற மாதிரி."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நூற்பாலையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர் அவர். காதில் அடைத்துக்கொள்ள மில்லிலேயே கிடைக்கும் கழிவுப் பஞ்சுதான். 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்கு என்பது காது பாதுகாப்பில் ஒரு கணக்கு. மூன்று ஷிஃப்ட் ஓடுகிற ஸ்பின்னிங் ஹாலில் அந்தக் கணக்கை யார் போட்டார்கள்! இப்போது ரிட்டயர்டு. அவருக்கு மிச்சமிருக்கிற ஒரே ஆசை, டி.எம்.எஸ்., சுசீலா, சீர்காழி பாட்டுகளை ஈஸி சேரில் சாய்ந்துகொண்டு கேட்பது. தீபாவளி முடிந்து மச்சான் ஊருக்குப் போனதும் மெதுவாகச் சொன்னார்:

"பாட்டு கேக்குதுப்பா. வார்த்தைதான் கேக்கல."

சொல்லிவிட்டு, தலைமாட்டில் இருந்த பாக்கெட் ரேடியோவை எடுத்து ஆன் பண்ணினார். இரண்டு பென்சில் செல் போட்ட, உள்ளங்கை அகல ரேடியோ. 1939-லிருந்து பேசிக்கொண்டிருக்கும் திருச்சி வானொலி அதில் சன்னமாகப் பாடியது. அப்பா கூடவே முணுமுணுத்தார். ஒரு வார்த்தை பிசகவில்லை!

பெரிய பெட்டியில் கேட்காத வார்த்தை இந்தச் சோப்பு டப்பாவில் எப்படிக் கேட்கிறது? இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. அடுத்த வாரமே திருச்சியில் ஒரு காது டாக்டரிடம் அப்பாவைக் கூட்டிப் போனேன். கிராஃப் ஒன்று போட்டுக் கொடுத்தார். கீழ் ஸ்தாயியில் கோடு சமர்த்தாகப் போகிறது. 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்குகிறது. சத்தமான இடத்தில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர்களுக்கு இப்படித்தான் ஆகுமாம். அ, ஆ, ஓ எல்லாம் கனமான ஒலிகள், கீழேயே இருக்கின்றன. ச, ட, த, ப போன்றவற்றை அடையாளம் காட்டுகிற கூர்மை மேலே இருக்கிறது. அதாவது அப்பாவின் காதில் உயிரெழுத்து விழுகிறது, மெய்யெழுத்து விழவில்லை. உயிர் இருக்கிறது, மெய் போய்விட்டது! வீட்டில் பேசுவது காதில் விழுகிறது. ஆனாலும் வருஷா வருஷம் வந்து காட்டச் சொல்லியிருக்கிறார் டாக்டர். (பேச்சே பிடிபடாதவர்கள் முதலில் டாக்டரிடம் போங்கள், ஸ்பீக்கர் கடைக்கு அப்புறம் போகலாம்.)

பாக்கெட் ரேடியோவின் ரகசியமும் இதுதான். அதன் குட்டி ஸ்பீக்கருக்கு 'டம் டம்' வராது. வருவதெல்லாம் நடுப்பகுதி, மனுஷக் குரல் வசிக்கிற இடம். பழைய டெலிபோன் 300-லிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே அனுப்பியது. அதை வைத்துக்கொண்டே ஊர் பூராவும் காதலித்தது, கடன் கேட்டது. சப் வூஃபரோ செண்டை மேளம். செண்டை அடிக்கும்போது பக்கத்து இலைக்காரர் என்ன கேட்கிறார் என்று உங்களுக்குத் தெரிகிறதா? ரசமா, மோரா? ஊகித்து ஊற்ற வேண்டியதுதான்.

இன்னொன்று. டி.எம்.எஸ். காலத்துப் பாட்டுகள் மோனோ, ஒரே தடம். 1978-ல் வந்த 'ப்ரியா'வைத்தான் தமிழ் சினிமாவில் ஸ்டீரியோவில் பதிவான முதல் பாட்டுகள் என்று சொல்வார்கள். ஒரே தடத்தில் இருக்கிற ஒரு குரலை 'மூவி மோட்' என்று ஐந்து மூலைக்கும் பிய்த்துப் போட்டால், டி.எம்.எஸ். அலமாரியிலிருந்து ஆரம்பித்து பாத்ரூம் பக்கம் போய் முடிப்பார். பழைய பாட்டுக்கு இரண்டு நல்ல ஸ்பீக்கர் தாராளம்.

ஆகவே வேறு வாங்குவது என்று முடிவு செய்தேன். பட்ஜெட் ரூ.12,000. ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன் பாக்கெட்டில் அதற்கு மேல் இருந்தால் போலீஸ் சந்தேகப்படும்.

மணப்பாறையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். கார் ஸ்டீரியோவிலிருந்து கழற்றிய 4440 ஐ.சி.யில் போர்டு போட்டு, மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து, டீக்கடைகளுக்கெல்லாம் செட் பண்ணிக் கொடுத்த தலைமுறை. சிரிக்காதீர்கள், பானைக்குள் இருக்கிற காற்று சேர்ந்து அதிர்ந்து, மெலிந்த ஸ்பீக்கருக்கும் கொஞ்சம் கனம் கொடுக்கும். அந்த 4440 ஒரு பக்கத்துக்குக் கொடுப்பது சுமார் 6 வாட். அதில்தான் பஸ் ஸ்டாண்டே பாட்டுக் கேட்டது!

"எத்தன வாட்ஸ்ணே வேணும்?" என்றேன்.

"ரூம் என்ன சைஸு?"

"பத்துக்குப் பன்னண்டு."

"ஒரு வாட்டுக்கே உங்கம்மா கொறைக்கச் சொல்லுவாங்க தம்பி."

விசாரித்தால் வாஸ்தவம். சாதாரண ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 86, 87 டெசிபல் கத்துகிறது. வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். சத்தம் இரண்டு மடங்காகக் காதுக்குப் படவேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். 50 வாட்டை விட்டுவிட்டு 100 வாட்டுக்கு மேலே நாலாயிரம் கொடுக்கிறவர், அந்த மூன்று டெசிபலுக்குத்தான் மொய் எழுதுகிறார்.

அவரிடமே கண்டென்ஸர் மாற்றி சர்வீஸ் செய்த பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் ஒன்று கிடைத்தது. பக்கத்துக்கு 25 வாட், ஆர்.எம்.எஸ். ரூ.3,500. மீதிப் பணம் ஸ்பீக்கருக்கு. இதில் நான் கறார். ஆம்ப்ளிஃபையருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க நாயின் காது வேண்டும். ஸ்பீக்கருக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள வித்தியாசம் என் பாட்டிக்கே தெரியும். பாதிப் பணத்துக்கு மேல் ஸ்பீக்கரில் போடுங்கள். தேய்மானக் கணக்குப் போட்டாலும் அதுதான் லாபம், நல்ல ஜோடி இருபது வருஷம் உழைக்கும். கூம்பின் விளிம்பு மட்டும் ரப்பரா, ஃபோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெக்கைக்கு ஃபோம் பத்துப் பதினைந்து வருஷத்தில் அப்பளமாக உதிரும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு திருச்சிக்கு ரயில். சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு கடை. சேல்ஸ்மேன் பையன் உற்சாகமாக டெமோ போட்டான். கண்ணாடி உடைந்தது, இடி இடித்தது, தலைக்கு மேல் ஹெலிகாப்டர் போயிற்று. அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, நாங்க வீட்ல ஹெலிகாப்டர் கேக்கறதில்லப்பா" என்றார்.

எங்கள் பாட்டை நாங்களே பென் டிரைவில் கொண்டு போயிருந்தோம். 320 கே.பி.பி.எஸ்.ஸில் ஏற்றியது. (போன் ஆப்பில் டேட்டா மிச்சம் பிடிக்கிற செட்டிங்கை வைத்துக்கொண்டு ஸ்பீக்கரைத் திட்டுகிறவர்கள் என் நண்பர்களில் நாலு பேர் உண்டு.) மூன்று ஜோடிகளை மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். விலை கூடின ஜோடிக்கு வரும்போதெல்லாம் பையனின் கை தானாக வால்யூமைத் துளி ஏற்றியது. சத்தம் கொஞ்சம் கூடினாலே 'ஆஹா, இது நல்லாருக்கே' என்று காது ஏமாறும். இது வியாபாரத்தில் பழைய வித்தை. "ஒரே அளவுல வைங்க தம்பி" என்று மூன்று தடவை சொன்னேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஜோடியில் அவர் உதடு அசைய ஆரம்பித்தது. விலையைக் கேட்டேன். ரூ.8,000. நடு விலை ஜோடி.

தங்க முலாம் பூசிய கேபிள் ஒன்றையும் மீட்டர் முன்னூறுக்கு நீட்டினான் பையன். வீட்டு வயரிங்குக்குப் போடுகிற 1.5 ஸ்கொயர் எம்.எம். தாமிர ஒயரே பத்துக்குப் பன்னிரண்டு ரூமுக்கு ஏகம். மிச்சமான காசில் மணப்பாறையில் இறங்கி முறுக்கு வாங்கினோம்.

வீட்டில் ஸ்பீக்கர்களை ஷோகேஸில் வைக்கவிடவில்லை. மூலையில் வைத்தால் கீழ் ஸ்தாயி வீங்கிவிடும். இரண்டு இரும்பு ஸ்டூல், சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளி. ஈஸி சேரில் சாய்ந்தால் ட்வீட்டர் சரியாக அப்பாவின் காது உயரத்துக்கு வரும்படி அடியில் செங்கல். மேல் ஸ்தாயி டார்ச் லைட் மாதிரி நேராகப் போகும் ஜாதி. முழங்காலுக்குப் பாட்டுக் கேட்டு என்ன பிரயோஜனம்? பாஸ் திருகைக் குறைத்து, ட்ரெபிளை இரண்டு கோடு ஏற்றினேன். எனக்குக் கொஞ்சம் கீச்சென்றுதான் இருக்கிறது. கேட்கப்போவது நானில்லையே!

முதல் பாட்டு ஓடியது. டி.எம்.எஸ். இரண்டு ஸ்டூலுக்கும் நடுவில், காலண்டர் மாட்டியிருக்கிற இடத்தில் நின்று பாடினார். அப்பா எழுந்து உட்கார்ந்தார். சரணத்தில் ஓர் இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"திரும்பப் போடு."

போட்டேன்.

"இந்த எடத்துல வேற வார்த்தைன்னுல்ல இத்தன வருசமா பாடிட்டிருக்கேன்!"

"நான் கல்யாணமான புதுசுலயே சொன்னேன். யாரு கேட்டா?" என்று அடுப்படியிலிருந்து அம்மா.

மச்சானின் ஹோம் தியேட்டர் இப்போது என் அக்கா பையனின் ரூமில், திருப்பூரில். மில்லில் அப்பாவோடு ஷிஃப்ட் பார்த்தவர்கள் இரண்டு பேர் சாயங்காலத்தில் வந்து உட்காருகிறார்கள். ஒருவர் ஸ்பீக்கர் விலையைக் கேட்டு சட்டைப்பையில் குறித்துக்கொண்டார். வருகிற ஞாயிறு அவரோடு சிங்காரத்தோப்பு போகணும். அவருக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.