வியர்க்கும் சுவர்

கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு நகரத்தார் வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். தூண்கள் பர்மா தேக்கு. ஊரார் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பது அந்தத் தூண்களைத்தான். நான் போனது வளவுக்குள் பொரிந்து கிடந்த ஒரு சுவரைப் பார்க்க.

பழைய சுண்ணாம்புப் பூச்சின்மேல் எப்போதோ யாரோ சிமென்ட் வைத்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும். சிமென்ட் அடைத்துக்கொள்ளும். அடைபட்ட ஈரமும் உப்பும் சேர்ந்து செங்கல்லையே அரித்துவிட்டன. மறுபடி ஒட்டுப் போட்டால் தடம் தெரியுமென்று முழுச் சுவரையும் சுரண்டிவிட்டார்கள்.

மேஸ்திரிக்கு அறுபதைத் தாண்டிய வயது. “அவசரப்பட்டா சுண்ணாம்புப் பூச்சு வராது தம்பி” என்றார். சாதாரண சிமென்ட் 10 மணி நேரத்துக்குள் இறுகிவிட வேண்டும் என்பது தர விதி. சுண்ணாம்போ காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறுகச் சிறுக வாங்கித் திரும்பவும் கல்லாகிற பொருள், அதற்கு மாதக்கணக்காகும். சதுர அடிக் கணக்கில் கூலி பேசும் காலத்தில் இவ்வளவு பொறுமையை யார் விலைக்கு வாங்குவார்கள்?

பின்கட்டில் கலவை தயாராகிக்கொண்டிருந்தது. நீற்றிச் சலித்த சுண்ணாம்பு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர், கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கரு. மஞ்சள்கரு என்னவாகும் என்று கேட்டேன். மத்தியானச் சோற்றுக்குப் பொரியலாம். கிரைண்டரைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் அவ்வப்போது ஒரு துளியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்தார். நான் தொட்டபோது மாவு மாதிரிதான் இருந்தது. “நெருடுது பாருங்க” என்றார். எனக்கு நெருடவில்லை.

“ஏத்தா, பதம் வந்துருச்சா?” என்று மேஸ்திரி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

“இன்னொரு ஈடு ஓடணும்ணே.”

கரண்டியோடு எழுந்தவர் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷமாக இந்தப் பதத்தை அவர் பார்ப்பதில்லை. அந்தப் பெண்தான் பார்க்கிறார். கூலி மட்டும் கொத்தனாருக்குக் கொடுப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-இல் வந்தது. அதன் அட்டை அவரிடமும் இருக்கிறது, மஞ்சள் பையில் பத்திரமாக. தொழில் என்ற இடத்தில் சித்தாள் என்று போட்டிருக்கிறது.

கடைசிப் பூச்சு நகக் கனம்தான். ஆனால் அதில்தான் ஆள் தேவை அதிகம். பூசியது காய்வதற்குள் வழவழப்பான கல்லால் விடாமல் தேய்க்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் நின்ற இடம் கோடாகிவிடும். அதனால் ஒரு சுவரை ஒரே நாளில், ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும். இந்தச் சுவருக்கு நாலு பேர்: சாரத்தில் இரண்டு, கீழே இரண்டு. தேய்த்து முடித்த பிறகு சில நாள் சுவர் வியர்க்கும். பருத்தித் துணியால் அதை ஒற்றி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வியர்த்து ஓய்ந்தபின் முகம் தெரிகிற பளபளப்பு வரும்.

நாலு பேருக்கு அன்று மூன்று பேர்தான் இருந்தார்கள். நாலாவது ஆள் மேஸ்திரியின் மகனாக இருந்திருக்க வேண்டும். அவர் சிங்கப்பூர் வேலைக்கு டெஸ்ட் அடித்துவிட்டுப் போய்விட்டார். டைல்ஸ் ஒட்டவும் கம்பி கட்டவும் அங்கே ஆள் எடுக்கிறார்கள். கடல் கடந்துபோன செட்டியார்களின் பணத்தில் எழுந்த வீடு இது. அதைத் தேய்க்க வேண்டிய கையும் இப்போது கடல் கடந்துவிட்டது. மகனைக் குறை சொல்ல மேஸ்திரிக்கு மனமில்லை. “வருஷத்துல நாலு மாசம் இந்த வேலை கிடைச்சாப் பெருசு. மிச்ச மாசத்துக்கு அவன் என்ன பண்ணுவான்?” சென்னையில் அடுக்குமாடிகளுக்குத் தளம் போடப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆள் வந்துவிடுகிறார்கள். இந்த வேலைக்கு அப்படி வரவழைக்க முடியாது. ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் பல வருஷம் நின்றிருக்க வேண்டும்.

நின்றவர் ஒருவர்தான் எதிரிலேயே இருக்கிறாரே என்று எனக்குத் தோன்றியது. கேட்டும்விட்டேன்.

மேஸ்திரி சிரித்தார். “பொம்பளையச் சாரத்துல ஏத்தச் சொல்றீங்களா? விழுந்து வச்சா யாரு பதில் சொல்றது?”

புதுக்கோட்டைப் பக்கம் ஒருவருக்குப் போன் போட்டார். வேறு வேலையில் இருப்பதாகப் பதில். திருமயத்தில் இன்னொருவர், மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அந்தப் பெண் கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “கீழ நின்னு தேய்க்கச் சாரம் எதுக்குண்ணே?”

மேஸ்திரி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் இன்னும் மணி அடித்துக்கொண்டிருந்தது.