பனித் தீவின் பந்தாட்டம்

ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் டிசம்பர் மாதத்துப் பகல், நாலைந்து மணி நேரச் சமாசாரம். பனியும் காற்றும் மல்லுக்கு நிற்கையில் மைதானத்தில் யார் ஆடுவது? ஆகவே அங்கே ஹாண்ட்பால் கூரையின் கீழ் செழித்தது. 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் ஆடுகளம். கட்சிக்கு ஏழு பேர். பந்தைக் கைமாற்றிக் கொண்டே போய், 6 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து எம்பி, கால் தரையில் படுமுன் கோலுக்குள் வீச வேண்டும்!

ஆட்டத்தை வளர்ப்பவை உள்ளூர்ச் சங்கங்கள். சிறுவர் சிறுமியரும் முதல்தர வீரர்களும் ஒரே சங்கத்துப் பிள்ளைகள். தேர்ந்தவர்களில் பலர் ஜெர்மனிக்குப் போய்ச் சம்பளத்துக்கு ஆடுவார்கள். தேசம் அழைத்தால் வந்துவிடுவார்கள்.

மூன்று லட்சத்துச் சொச்சம் ஜனங்களே கொண்ட அந்த நாடு, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஸ்பெயினை 36-30 என்று வென்று இறுதி ஆட்டத்துக்கு வந்தது. பிரான்ஸிடம் 28-23 என்று தோற்றாலும் வெள்ளிப் பதக்கம்! ஊர் திரும்பிய வீரர்களைக் காண வீதியெல்லாம் ஜனக் கூட்டம்.

அது ஆகஸ்ட் மாதம். அக்டோபரில் நாட்டின் மூன்று பெரிய பாங்குகளும் சரிந்தன. பலருக்கு வேலை போயிற்று, கடன் ஏறிற்று. ஆயினும் ஆட்டக் கூடங்களில் பந்து ஓயவில்லை. 2010-ல் ஐரோப்பியப் போட்டியில் வெண்கலம் கிடைத்தது. பாங்கில் போட்டது போனாலும், பிள்ளைகளிடம் போட்ட முதல் வட்டியோடு வந்துவிட்டது!