அவையஞ்சாமை

அவையில் எழுந்து பேச அஞ்சுவது பலர்க்கும் இயல்பு. திருவள்ளுவர் இதனைக் கருதியே 'அவையஞ்சாமை' என்னும் 73ஆம் அதிகாரத்தை அமைத்தார். இவ்வச்சத்தை நெடுநாள் சுமந்தவர்களுள் காந்தியடிகளும் ஒருவர்.

இலண்டனில் சட்டம் பயின்றபோது, மரக்கறி உணவாளர் சங்கக் கூட்டமொன்றிற்குத் தம் கருத்தைத் தாளில் எழுதிச் சென்றார். அதனைப் படிக்கவும் நா எழவில்லை, வேறொருவர் படித்தார். பின்னர்ப் பம்பாய் நீதிமன்றத்தில் முதல் வழக்கிற்காக எழுந்தபோது தலை சுற்றியது. ஒரு வினாவும் கேட்க இயலாமல் அமர்ந்தார். 30 ரூபாய்க் கட்டணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி வழக்கைக் கைவிட்டார்.

1893இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் இந்தியர்கள் ஒன்றுகூடினர். அங்கே அவர் வாணிகத்தில் வாய்மை பற்றிப் பேசினார். அதுவே தம் வாழ்வின் முதல் மேடைப்பேச்சு என அவர் குறித்துள்ளார். அன்று மட்டும் அது எவ்வாறு கைகூடியது? பேசும் பொருளை முன்னரே ஆய்ந்து சென்றிருந்தார். கேட்டோருள் பெரும்பாலோர் வணிகர். தொடர்வண்டியிலும் குதிரை வண்டியிலும் தாம் பட்ட அவமதிப்பால் அவர்தம் துன்பத்தையும் அறிந்திருந்தார். தம்மைப் பற்றிய கவலையினும் கேட்போர் மீதுள்ள அக்கறை மிகுந்தபோது நா எழுந்தது எனலாம்.

கூச்சம் அவரை முற்றிலும் நீங்கவில்லை. ஆயினும் அதுவே சொற்களைச் சுருங்க ஆளக் கற்பித்தது எனப் பின்னாளில் எழுதினார்.

வகுப்பில் பேச நடுங்கும் மாணவர் மனம் தளர வேண்டா. பொருளை நன்கு அறிதல், கேட்போரை அறிதல், சில சொற்களில் தெளிவாகக் கூறுதல் ஆகிய மூன்றும் பழகப் பழக வரும். நடுக்கம் தீரட்டும் எனக் காத்திராமல் எழுந்து நிற்பதே முதற்படி.