விதைக்காய் பார்க்கத் தெரிந்தவர்கள்

மாடித்தோட்டக்காரர்களுக்கு இப்போது லீக்ஸ் மேல் ஓர் ஆசை வந்திருக்கிறது. ஒருமுறை நட்டால் ஆண்டுக்கணக்கில் அறுத்துக்கொண்டே இருக்கலாம் என்கிற பல்லாண்டு ரகம் எங்கே கிடைக்கும் என்று மாதவரம் ஜி.என்.டி. சாலைப் பக்கத்து நர்சரிகளில் விசாரித்தேன். பல இடங்களில் உதட்டைப் பிதுக்கினார்கள். மண் ரொப்பிய பைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஓர் அக்காதான் வாயைத் திறந்தார். "அது ஊட்டிச் சரக்கு சார். இங்க வெயிலுக்கு ஊசி மாதிரி நிக்கும், தண்டு பிடிக்காது. சின்ன வெங்காயம் வையுங்க, தாளு அறுத்துக்கினே இருக்கலாம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. லீக்ஸ் குளிர்ச்சி கேட்கும் பயிர். நீலகிரியில் வரும், இலங்கையின் நுவரெலியாவில் லாரி லாரியாக விளைகிறது. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வடசென்னையில் தண்டு பருக்காது. விதை வாங்கிப் போடலாமென்றால், வெங்காயக் குடும்பத்து விதைகளுக்கு ஆயுசு குறைவு. பாக்கெட்டில் ஓராண்டு கிடந்தாலே முளைப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

சின்ன வெங்காயத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு காயை ஊன்றினால் அதுவே பல காய்களாகப் பிரிந்து தூர் கட்டும். அதில் கொஞ்சம் எடுத்துவைத்தால் அடுத்த நடவுக்கு ஆயிற்று. நம் ஊர்ச் சமவெளியில் பெரும்பாலான ரகங்கள் பூத்து விதை கொடுப்பதில்லை. விதை போட்டே வளர்க்க வேண்டுமென்பவர்களுக்குக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகம் இருக்கிறது.

எந்தக் காயை ஊன்றுவது என்பதில்தான் தொழில் இருக்கிறது. அக்கா ஒரு சாக்கை விரித்து வெங்காயத்தைக் கொட்டினார். ஒவ்வொன்றையும் எடுத்துக் கட்டைவிரலால் அடிப்பக்கத்தை அழுத்தினார். மெத்தென்று அமுங்கியது ஒதுங்கியது. கழுத்து தடித்ததும் ஒதுங்கியது. மிகப் பெரியது சமையலுக்கு, மிகப் பொடிசு குப்பைக்கு. நடுத்தரமாக, கெட்டியாக, தோல் உலர்ந்து இருந்தவை மட்டும் கூடைக்குப் போயின.

"புதுசா அறுத்த காய் வேணாம் சார், அது தூங்கினு இருக்கும்" என்றார். அறுவடையான வெங்காயம் சில வாரம் உறக்கத்தில் இருக்கும், அதற்குப் பிறகே ஒழுங்காக முளைக்கும் என்பது பாடப்புத்தகத்திலும் உள்ள செய்திதான். அவர் அதை மூட்டைகளைப் பார்த்துக் கற்றிருக்கிறார்.

நடும்போது காயை மண்ணில் அழுத்திக் குத்தக் கூடாது, அடி நசுங்கி அழுகும். விரலால் குழி போட்டு, நுனி வெளியே தெரியும்படி வைத்து மண்ணைக் கூட்ட வேண்டும். காய்க்குக் காய் 10 செ.மீ. இடைவெளி போதும். தாளை அடியோடு வெட்டாமல் இரண்டு அங்குலம் விட்டு, அதுவும் பாதித் தாளை மட்டும் அறுக்க வேண்டும். "மொத்தமா அறுத்துட்டா கீழ காய்க்கு இன்னா மிஞ்சும்?" என்றார். தாளும் வேண்டும், காயும் வேண்டும் என்பவர்கள் பைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

இங்கே தண்ணீரும் ஒரு பிரச்சினை. சில பைகளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஆழ்துளைக் கிணற்று உப்பு. வெங்காயம் உப்பைத் தாங்காது. மழைநீரைப் பிடித்து வைத்திருப்பவர்கள் தப்பித்தார்கள். மண் கலவைக்குச் செம்மண், தென்னை நார்க்கழிவு, தொழு உரம். சாணத்துக்கு, பால் பண்ணைக்குப் பெயர்போன இந்த ஊரில் பஞ்சமில்லை.

பை ரொப்பும் பெண்களுக்குப் பைக் கணக்கில் கூலி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. விதைக்காய் பொறுக்கிக் கொடுப்பதும், வாங்குபவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் எந்தக் கணக்கிலும் சேராது. மாடித்தோட்டத்தில் பாதிச் செடி பிழைப்பது அந்த வேலையால்தான். இனி நர்சரிக்குப் போகிறவர்கள் ரகத்தின் பெயரை முதலாளியிடம் கேளுங்கள். எப்போது அறுத்த காய், எங்கே காய வைத்தது என்பதை இவர்களிடம் கேளுங்கள். அவர்கள் பொறுக்கித் தரும் காய்க்குக் கிலோவுக்கு நாலு காசு கூடக் கொடுத்தால் தப்பில்லை. அந்தக் காசு அவர்கள் கைக்கே போகட்டும்.