குழந்தையின் நேரப்படி ஓர் ஆய்வகம்

லண்டன் ரஸ்ஸல் ஸ்கொயர் நிலையத்தில் இறங்கியவர்களில் பலர் பிரிட்டிஷ் மியூசியம் பக்கம் நடந்தார்கள். நான் டோரிங்டன் ஸ்கொயருக்குத் திரும்பினேன். பர்க்பெக் கல்லூரியின் ‘பேபிலேப்’ அங்கேதான் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள அண்ணனுக்கோ அக்காவுக்கோ பின் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனிக்கும் ‘பேஸிஸ்’ ஆய்வின் தாய்வீடு அது.

ஏன் தம்பி தங்கைகள்? ஆட்டிசம் உறுதியாவதற்குள் குழந்தைக்குப் பெரும்பாலும் இரண்டு வயது கடந்துவிடும். அதற்கு முன் நடந்ததைப் பெற்றோரின் நினைவிலிருந்தே தேட வேண்டும். ஆனால் ஆட்டிசம் குடும்பத்தில் தொடரக்கூடியது. 2011இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று இத்தகைய 664 குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. மூன்று வயதில் அவர்களில் 18.7 சதவீதம் பேருக்கு ஆட்டிசம் இருந்தது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர்! கைக்குழந்தைப் பருவத்திலேயே இவர்களைப் பார்க்கத் தொடங்கினால், ஆட்டிசம் உருவாகும் காலத்தையே நேரில் காணலாம்.

உள்ளே அம்மாவின் மடியில் ஒரு குழந்தை. தலையில் மெல்லிய வலைத்தொப்பி. அதில் மூளையின் மின்னலைகளைப் பிடிக்கும் ஈரமான பஞ்சு உணரிகள். ஊசியில்லை, வலியில்லை. எதிரே திரையில் ஒரு முகம். அதன் கண்கள் குழந்தையை நோக்கித் திரும்புகின்றன, பிறகு விலகுகின்றன. குழந்தை சிணுங்கினால் எல்லாம் நிற்கும். பால் குடித்து, தூங்கி, விழித்த பிறகுதான் அடுத்த வேலை. பேராசிரியர்களும் கருவிகளும் ஒரு சிசுவின் பசிக்கும் தூக்கத்துக்கும் காத்திருப்பதைக் கண்டு மலைத்துப்போனேன்.

அந்தக் காத்திருப்புக்குப் பலன் உண்டு. ஆய்வாளர்கள் மயாடா எல்சபாக், மார்க் ஜான்சன் குழுவினர் ஆறு முதல் பத்து மாதக் குழந்தைகளிடம் இதே சோதனையைச் செய்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். தன்னை நோக்கும் கண்ணுக்கும் விலகும் கண்ணுக்கும் மூளை காட்டும் வேறுபாடு, பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகளிடம் குறைவாக இருந்தது. வெளியே அறிகுறிகள் தெளிவாகத் தெரியும் முன்பே மூளை வேறு வழியில் நடக்கத் தொடங்கிவிடுகிறது!

ஆனால் இது பல குழந்தைகளை ஒருசேரப் பார்க்கையில் தெரியும் போக்கு. இந்த அலைகளைக் கொண்டு மடியிலிருக்கும் ஒரு குழந்தைக்கு ஜாதகம் கணிக்க முடியாது. இது தெரிந்தேதான் பெற்றோர் வருகிறார்கள். மூன்று வயதுவரை திரும்பத் திரும்ப வருகிறார்கள். இனிப் பிறக்கும் குழந்தைகளுக்கு வேண்டிய துணை காலத்தில் கிடைக்க வழி பிறந்தால், அதில் பெரும்பங்கு இந்தக் குடும்பங்களுடையது.