கத்திரிக்கோலைக் கடைசியில் எடுங்கள்

சூடேறும் கையுறை வேலை செய்யவில்லை என்று வருகிறவர்கள் கையுறையை மட்டும்தான் கொண்டுவருவார்கள். வண்டியையும் கொண்டுவாருங்கள் என்பேன். வண்டி பேட்டரியிலிருந்து ஓடும் 12 வோல்ட் கையுறைக்கு முன்னால் ஃபியூஸ், வயர், கன்ட்ரோலர், பிளக் என்று எத்தனையோ இருக்கின்றன. பழுது அதிகமும் அங்கேதான். தையலைப் பிரித்துவிட்டால் மழைநீர் புகாத உள்ளுறையும் போய்விடும்.

லண்டனில் குளிர்காலக் காலைகளில் 5 டிகிரி என்பது சாதாரணம். கேட்டால் பெரிதாகத் தெரியாது. ஆனால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு அது கிட்டத்தட்ட மைனஸ் 3 டிகிரியாக உறைக்கும். விரல் மரத்துப்போனால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே பிடிபடாது.

நான் முதலில் கேட்பது, ஒரு கை குளிர்கிறதா, இரண்டுமா? இரண்டும் என்றால் ஃபியூஸையும் பேட்டரி முனைகளையும் பார்ப்பேன். ஒன்று மட்டும் என்றால் இடது வலது பிளக்குகளை மாற்றிச் செருகுவேன். குளிர் அதே கையுறையிலேயே நின்றால் கோளாறு கையுறையில். பக்கம் மாறினால் வயரிலோ கன்ட்ரோலரிலோ. இதற்கு மீட்டர்கூட வேண்டாம்.

சுத்தமாகச் சூடேறாத கையுறை எளிது. 'முன்னே மாதிரி சுடவில்லை' என்பதுதான் ஆளைச் சுற்றவிடும். பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் வோல்டேஜ் சரியாகவே காட்டும். கையுறையை மாட்டி, கன்ட்ரோலரை முழுச் சூட்டில் வைத்து, கரன்ட் ஓடும்போது அளந்தால்தான் உண்மை வெளிவரும். எஞ்சின் ஓடுகையில் பேட்டரியில் 14 வோல்ட், கையுறை முனையில் 11.5 என்று இருக்கும். இரண்டரை வோல்ட்தானே என்று விட முடியாது. வெப்பம் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால் மூன்றில் ஒரு பங்கு சூடு போய்விட்டது. பிளக்கின் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். மழையும் சாலையில் தூவும் உப்பும் செய்கிற வேலை. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பொருத்தும் முன் கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவினால் பல கையுறைகள் பிழைத்துக்கொள்ளும்.

அதற்கும் மசியாவிட்டால் கையுறையின் ஓம் அளவு. 12 வோல்ட்டில் 1 ஆம்பியர் இழுக்கிற கையுறை 12 ஓம் காட்ட வேண்டும். மீட்டரை மாட்டியபடியே மணிக்கட்டை மடக்கி, விரல்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்ப்பேன். எண் எந்த இடத்தில் துள்ளுகிறதோ அங்கே வயர் அறுந்திருக்கிறது. பெரும்பாலும் அது வயர் மணிக்கட்டுப் பட்டைக்குள் நுழையும் இடம். கையுறையைக் கழற்றும்போது எல்லாரும் இழுப்பது அங்கேதான். அந்த இடத்துத் தையலை மட்டும் பிரித்தால் போதும். உள்ளே கார்பன் இழை இருந்தால் சால்டர் ஒட்டாது. கிரிம்ப் போட்டு நசுக்கித்தான் இணைக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். லித்தியம் பேட்டரியில் ஓடும் 7.4 வோல்ட் கையுறையை வண்டி வயரில் மாட்டாதீர்கள். பிளக் பொருந்தினாலும் மூன்றரை மடங்கு வெப்பம் கிளம்பிக் கருகிவிடும். மரத்த கையோடு முழுச் சூட்டிலும் நெடுநேரம் ஓட்டாதீர்கள். 44 டிகிரிகூட மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் தோலைப் புண்ணாக்கும். மரத்த விரல் அதைச் சொல்லாது.

எல்லா அளவும் சரியாக இருந்தும் கை குளிர்கிறது என்கிறவர்கள் உண்டு. ஜாக்கெட்டைத் திறந்து காட்டச் சொல்வேன். உள்ளே ஒரு டி-ஷர்ட் மட்டும் இருக்கும். மார்பு குளிர்ந்தால் உடம்பு முதலில் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்கும். கையுறை இறுக்கமாக இருந்தால் இன்னும் மோசம். அவர்களிடம் காசு வாங்குவதில்லை. ஒரு கம்பளி பனியன் வாங்கிப் போடச் சொல்லி அனுப்பிவிடுவேன்.